வடையை இழந்தவர் யார்?

பாட்டி வடை சுட்ட கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையைக் காண்பது அரிது. மரத்தடியில் ஒரு பாட்டி வடை சுட்டு விற்கிறாள். காகம் ஒரு வடையைக் கவ்விச் சென்று கிளையில் அமர்கிறது. நரி அதன் குரலைப் புகழ்ந்து பாடச் சொல்கிறது. காகம் வாயைத் திறக்க, வடை நரியிடம் போய்ச் சேர்கிறது. இக்கதையைப் பந்தியாக்கி, அதன் கீழ் ஐந்து வினாக்களை எழுதி விடை கேட்பது நம் ஆரம்ப வகுப்புகளில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியம். கிரகித்தற் பயிற்சி என்பது அதன் பெயர். வடை சுட்டவர் யார்? காகம் எங்கே அமர்ந்தது? நரி என்ன சொன்னது? வடை யாருக்குக் கிடைத்தது? இவ்வாறு நான்கு வினாக்கள் வரும். ஐந்தாவது வினா பெரும்பாலும் மாறுவதில்லை: இக்கதை நமக்குப் புகட்டும் நீதி யாது?

சில ஆண்டுகளுக்கு முன், ஹட்டனை அடுத்த ஒரு தோட்டப் பாடசாலையில், ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் விடுப்பிற் சென்ற காலத்தில், மேல் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நான் நான்காந் தரத்தையும் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. இதே கதையை, இதே வினாக்களுடன் கொடுத்தேன். ஒரு சிறுமி முதல் நான்கு வினாக்களுக்கும் பிழையின்றி விடை எழுதியிருந்தாள். ஐந்தாவது வினாவுக்கு, 'பாட்டிக்கு வடைக் காசு குடுக்க வேணும்' என்று எழுதியிருந்தாள். 'புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது' என்பதே எதிர்பார்க்கப்பட்ட விடை. நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, ஐந்துக்கு நான்கு புள்ளி வழங்கினேன். கொப்பிக் கட்டை மூடிவைத்த பின்னர்தான் அவ்விடையை நான் வாசிக்கவே இல்லை, திருத்த மட்டுமே செய்தேன் என்பது உறைத்தது.

அவள் எழுதியதில் என்ன பிழை? கதையில் மூவர் நடமாடுகின்றனர். ஒருவர் உழைத்தார், ஒருவர் திருடினார், ஒருவர் ஏமாற்றினார். திருடியவரும் ஏமாற்றியவரும் தமக்குள் நடத்திய போட்டியைப் பற்றி மட்டுமே நாம் தலைமுறை தலைமுறையாக வினாத் தொடுத்து வந்திருக்கிறோம். எண்ணெய்ச் சட்டியின் முன்னே அமர்ந்திருந்தவள் முதல் வினாவோடு மறைந்துவிடுகிறாள். அவளுடைய நட்டத்தைக் கணக்கிட்டவர் யாருமில்லை. அதைக் கணக்கிட்டவள், நாள்முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் மடுவத்துத் தராசின் முன்னே கூடையோடு நிற்கும் ஒரு தாயின் மகள். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழிக்கப்படும்போது எழும் வாக்குவாதத்தையும், குறித்த அளவு பறிக்காவிட்டால் நாட்சம்பளம் அரைப் பேராகக் குறையும்போது லயத்துக் காம்பராவில் நிலவும் மௌனத்தையும் அவள் அறிவாள். உழைத்தவளின் கணக்கை முதலிற் பார்க்க அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு ஒழுக்கப் பிரச்சினை எழுகிறது. ஒரு பிள்ளைக்குக் கதையைக் கொடுத்து, 'நீ விளங்கிக்கொண்டது என்ன?' என்று கேட்கிறோம். அவள் விளங்கிக்கொண்டதைச் சொன்னதும், 'அதுவன்று, நான் விளங்கிக்கொண்டதைச் சொல்' என்கிறோம். இவ்வாறு செய்ய ஆசிரியனுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமையின் எல்லை எது? சின்னஞ்சிறு வகுப்பறைக்குரிய இந்த வினாவை நான் பெரிதாக்குவதாகச் சிலர் கருதலாம். ஆனால் மலையகத்துப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது சிறிய வினாவாகத் தோன்றாது.

தோட்டப் பாடசாலை எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. கொழுந்து எடுப்பவனும் கவ்வாத்து வெட்டுபவனும் எழுத்தறிந்தால் வேலைக்கு உதவார் என்று எண்ணிய துரைமார் பலர் இருந்த காலம் அது. சட்டத்தின் பொருட்டுப் பாடசாலை ஒன்று வேண்டியிருந்தது. ஒரு மடுவமும் ஒரு வாத்தியாரும் போதுமானவையாகக் கொள்ளப்பட்டன. பெயரை எழுதவும், கூட்டல் கழித்தல் செய்யவும், எழுதியதை உரத்து வாசிக்கவும் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். வாசித்ததைப் பற்றி அபிப்பிராயம் கொள்ளும் பழக்கம் அப்பாடத் திட்டத்தில் இல்லை. இருந்திருந்தால்தான் வியக்க வேண்டும்.

1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தது. அதன் பயன் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த லயங்களில் வாழ்ந்த மக்களையே நாடற்றவராக்கியது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை அடுத்துத் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, இப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கல்வி அமைப்புக்குள் சேர்க்கப்பட்டன. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. கட்டடம் மாறியது; பாடநூல் மாறியது; பயிற்றப்பட்ட ஆசிரியர் வந்தனர். ஆனால் 'சொன்னதைத் திருப்பிச் சொல்' என்ற பழைய கட்டளை மட்டும் கிரகித்தல் என்ற புதிய பெயருடன் வகுப்பறையில் தங்கிவிட்டதோ என்று நான் ஐயுறுகிறேன்.

ஆறாந் தரத்துக்கு வந்துசேரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுட் பலர் சரளமாக வாசிக்கின்றனர். உச்சரிப்பு நன்றாயிருக்கிறது, நிறுத்தற் குறிகளில் நிற்கின்றனர். வாசித்து முடிந்ததும், 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று கேட்டால், கண்கள் மீண்டும் புத்தகத்துக்கே ஓடுகின்றன. 'ஏன்' என்ற சொல்லுக்குப் பின் எழுதப்பட்டுள்ள வாக்கியத்தைத் தேடுகின்றனர். அப்படியொரு வாக்கியம் அங்கே இராது. கதாசிரியன் அதை எழுதாமல் விட்டிருப்பான். அதனாலேயே அது கதையாக இருக்கிறது. கட்டுரை தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது. கதை பாதியைச் சொல்லி, மீதியை வாசிப்பவனின் பொறுப்பில் விடுகிறது. அந்த மீதியை அவன் எங்கிருந்து எடுப்பான்? தன் வாழ்விலிருந்தும், தான் கேட்டவற்றிலிருந்தும், தன் நெஞ்சிலிருந்தும்தான்.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பந்தியை வாசிக்கக் கொடுத்தனர். வாசிப்பில் வல்லவராயினும் அவ்வாட்டத்தை அறியாதவர், வாசிப்பில் பின்தங்கியவராயினும் அவ்வாட்டத்தை நன்கறிந்தவருக்குப் பின்னாலேயே நின்றனர். விளங்குதல் என்பது கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் மட்டும் நிகழ்வதன்று. வாசிப்பவன் ஏற்கெனவே வாழ்ந்த வாழ்வு அதில் பாதி என்பது இதனாற் பெறப்படும். எங்கள் பிள்ளைகளுக்கு நெல் வயலையும் களத்துமேட்டையும் பற்றிய பந்தியைக் கொடுத்துவிட்டு, 'மந்த புத்தி' என்று முடிவுகட்டுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். சூடு மிதித்தலை அவர்கள் கண்டதில்லை. தவறணையையும் கவ்வாத்துக் கத்தியையும் பற்றி எழுதிக் கொடுங்கள். கடைசி வாங்கில் இருப்பவன் எழுந்து நின்று உங்களுக்கே திருத்தம் சொல்வான்.

அவ்வாறாயின் தேயிலைக் கதைகளையே கொடுத்தால் போதுமா? போதாது. தன் மலையைத் தவிர வேறொன்றையும் காணாத பிள்ளைக்குக் கடலையும் பனங்கூடலையும் காட்டுவதும் கதையின் பணியே. லயத்துப் பிள்ளைக்கு லயத்துக் கதை மட்டும் என்று விதிப்பது, அவளை லயத்திலேயே நிறுத்திவைக்கும் இன்னொரு சட்டமாகிவிடும். அறிந்ததிலிருந்து தொடங்கி அறியாததற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதே முறை.

கதையைக் கேட்டு, அதன்மேல் தீர்ப்பளிக்கும் பழக்கம் மலையக மக்களுக்குப் புதியதன்று. பள்ளிக்கூடம் ஏற்படுமுன்பே அது அவர்களிடம் இருந்தது. மாசி மாதத்தில் காமன் ஊன்றிக் கூத்து நடத்தும் தோட்டங்களுக்குச் சென்று பாருங்கள். தேவர்களின் பொருட்டுச் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான் மன்மதன். ரதி தடுக்கிறாள். அவன் கேளாமற் போகிறான்; எரிகிறான். அவள் அழுகிறாள். இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவர்கள், மறுநாட்காலை பீலிக்கரையிலும் தேநீர்க் கடையிலும் பேசுவதைக் கேளுங்கள். போனது அவன் பிழையா, அனுப்பியவர் பிழையா? ஏவியவர்கள் தப்பிவிட, ஏவல் செய்தவன் மட்டும் ஏன் எரியவேண்டும்? மனைவி சொல்லைக் கேளாதது பிழையா, இட்ட வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் அதுதான் பிழையா? கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை ஒற்றிய மனிதர்கள் இவ்வாறு வாதித்து வந்தார்கள். இதற்குக் கிரகித்தல் என்று பெயரில்லையென்றால், வேறு எதற்கு அப்பெயர் பொருந்தும்?

தமிழகத்தின் தஞ்சைப் பகுதிகளில் இதே காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவோர் 'எரிந்த கட்சி' என்றும் 'எரியாத கட்சி' என்றும் பிரிந்து நிற்பர். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவில்லை என்று மறு கட்சி. இரு தரப்பும் ஆதாரங்காட்டி விடியும்வரை வாதாடும். ஒரே கதை, இரண்டு வாசிப்பு. எவரும் சிவப்பு மையால் கோடிடுவதில்லை. ஆனால் வாய்க்கு வந்ததைப் பாடிவிட்டு அமரவும் முடியாது. எதிர்க்கட்சி 'எங்கே காட்டு?' என்று கேட்கும். இந்த 'எங்கே காட்டு?' என்ற சொல்லை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆக, முந்நூறு பாட்டுள்ள கதையை மனத்தில் வைத்திருக்கும் மூதாட்டியின் பேத்தி, பத்து வரிப் பந்தியைக் கண்டு மருளுகிறாள் என்றால், குறை அவளிடம் இல்லை. கூத்துக்களத்தில் அவளுக்கு இருந்த நியாயம் கேட்கும் உரிமையைப் பள்ளிக்கூட வாசலில் நாம் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இனி, இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறவேண்டும். முதலாவது, நம் தோழர்களிடமிருந்தே வருவது. 'காகமும் நரியும் யாருக்கு வேண்டும்? சம்பளச் சீட்டை வாசிக்கவும், கூட்டு ஒப்பந்தத்தை விளங்கவும், வாக்குச் சீட்டைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுங்கள். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை ஓர் ஆடம்பரம்' என்பர். இவ்வாதத்தில் நேர்மை உண்டு. சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாமல் ஏமாந்த தலைமுறைகளின் வேதனை அதில் ஒலிக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டில் இருப்பது என்ன? எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்ற இலக்கங்கள். 'கழிவு எவ்வளவு?' என்ற வினாவுக்கு விடை சீட்டிலேயே இருக்கிறது. வரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் சொல்லிவிடுவான். 'ஏன் இவ்வளவு கழிந்தது? இதை யார் தீர்மானித்தார்?' என்ற வினாவுக்கு விடை சீட்டில் இல்லை. எழுதப்படாததைக் கேட்கும் துணிவு வேண்டும். எழுதப்படாததைக் கேட்க ஒரு பிள்ளை எங்கே பழகுகிறாள்? பாட்டிக்குக் காசு கொடுத்தவர் யார் என்று கேட்கும்போது பழகுகிறாள்.

பிரேசிலின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963ஆம் ஆண்டு பவுலோ ஃபிரெய்ரே ஏறக்குறைய முந்நூறு உழைப்பாளருக்கு நாற்பது மணி நேரப் பாடங்களில் எழுத்தறிவிக்க முனைந்தார். அம்மக்களின் வாழ்விலிருந்தே சொற்களைத் தெரிந்து, அச்சொல் குறிக்கும் வாழ்வைப் பற்றி முதலில் பேசவைத்து, பின்னர் அச்சொல்லை எழுதவைப்பது அவர் முறை. செங்கல் என்ற சொல்லைக் கற்பிக்குமுன், செங்கல் அடுக்குவோனுக்குச் சொந்த வீடு உண்டா என்ற பேச்சு எழும். அடுத்த ஆண்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது; ஃபிரெய்ரே சிறையிடப்பட்டு நாடுகடந்து வாழ நேர்ந்தது. எழுத்துக் கூட்டக் கற்பித்ததற்காக எந்த ஆட்சியும் ஆசிரியனைச் சிறையிடுவதில்லை. வாசித்ததைப் பற்றி வினவக் கற்பித்ததே குற்றமாயிற்று.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கடினமானது, பெற்றோரிடமிருந்து வருவது. ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசிற் பரீட்சை இருக்கிறது. அதில் சித்தியெய்துவது, லயத்துப் பிள்ளை ஒரு பெரிய பாடசாலைக்குச் செல்வதற்குரிய மிகச் சில வழிகளுள் ஒன்று. அங்கே ஒரு வினாவுக்கு ஒரு விடையே உண்டு. 'பாட்டிக்குக் காசு குடுக்க வேணும்' என்று எழுதுபவள் ஒரு புள்ளியை இழப்பாள். ஒரு புள்ளியால் ஓர் எதிர்காலத்தையே இழக்கவும் கூடும். தன் கொள்கைக்காக மற்றொருவரின் பிள்ளையைப் பணயம் வைக்க ஆசிரியனுக்கு உரிமை இல்லை. 'சேர், எம் புள்ளய பாஸ் பண்ண வச்சிருங்க, அது போதும்' என்று மலையிலிருந்து நேரே வந்து, இடுப்பிற் கட்டிய படங்கையும் அவிழ்க்காமல் நிற்கும் தாயிடம், சுதந்திர சிந்தனையைப் பற்றிப் பிரசங்கம் செய்பவன் ஆசிரியன் அல்லன்.

இப்பிரச்சினைக்கு நான் கண்ட வழி, பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுவதுதான். 'இந்த வினாவைக் கேட்டவர் எதிர்பார்க்கும் விடை இது. நீ கண்ட விடை அது. பரீட்சைத் தாளில் அவர் கேட்டதை எழுது. உன்னுடையதைக் கொப்பியில் எழுதி என்னிடம் காட்டு' என்று கூறலாம். இது பாசாங்கு கற்பிப்பதாகாதா என்று கேட்பீர்கள். அவருடைய விடையை அவளுடைய விடையென்று நம்பச் செய்வதே பாசாங்கு. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், எதை எதிர்பார்க்கிறார் என்று அறிவதும் கிரகித்தலின் ஒரு பகுதியே. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளையிடம் பேசும் பேச்சு வேறு, வீட்டிற் பேசும் பேச்சு வேறு என்பதை அவள் ஐந்து வயதிலேயே அறிந்திருப்பாள்.

இதுவரை கூறியவற்றால், என் பிழையை உணர்ந்து திருந்திய ஓர் ஆசிரியனின் சித்திரம் வாசகர் மனத்தில் எழுந்திருக்கலாம். அச்சித்திரத்தை நானே கலைத்துவிட வேண்டியிருக்கிறது.

மறு ஆண்டு வேறொரு வகுப்பில் அதே கதையைக் கொடுத்தேன். இம்முறை பாட்டியைப் பற்றி முன்னதாகவே பேசினேன். விறகு யார் சுமந்தார், மாவை யார் ஆட்டினார், எண்ணெய்க்குக் கடன் யார் பட்டார் என்றெல்லாம் கேட்டு, உழைப்பின் பயன் உழைத்தவரைச் சேரவேண்டும் என்று உருக்கமாகவே முடித்தேன். பின்னர் ஐந்தாவது வினாவுக்கு விடை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும், 'உழைத்த பாட்டிக்கே வடை சொந்தம்' என்று எழுதியிருந்தனர். என் மனம் பூரித்தது. ஒருவன் மட்டும், 'காக்காவுக்குப் பசி' என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனை என்னையறியாமலே அவ்விடையை நோக்கிச் சென்றது.

அந்தக் கணத்தில் என்னை நான் கண்டுகொண்டேன். விடை மாறியிருந்தது, ஆனால் விடை கூறும் அதிகாரம் என் கையைவிட்டு நகரவில்லை. முன்னர்ப் பழைய நீதியைத் திருப்பிச் சொல்லப் பழக்கினேன். இப்போது என் நீதியைத் திருப்பிச் சொல்லப் பழக்கியிருந்தேன். முப்பது பிள்ளைகளின் முற்போக்கான வாக்கியமும் எனக்கு அளிக்கப்பட்ட மரியாதையே தவிர, அவர்களுடைய சிந்தனை அன்று. பசியோடு பள்ளிக்கு வந்த ஒருவன் மாத்திரம் கதையைத் தானே வாசித்திருந்தான். காகம் ஏன் திருடியது என்று நானும் கேட்கவில்லை, பாடநூலும் கேட்கவில்லை. அவன் கேட்டான்.

முற்போக்கு எண்ணமுடைய ஆசிரியர்களாகிய நாம் இந்த ஆபத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கதையைத் துண்டுப்பிரசுரமாக்கி, ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் வர்க்கப் பெயரைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் செய்தால், பழைய கங்காணியின் இடத்தில் கருத்துக் கங்காணியாக நாம் போய் அமர்கிறோம். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதைகளை ஆள்வோர் கண்காணித்துத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று வாதித்தார். கதை பிஞ்சு நெஞ்சில் ஆழப் பதியும் என்று அவர் கண்டது சரி. பதிவதை எதிர்த்து வினவும் வல்லமையும் அதே நெஞ்சில் உண்டு என்பதை அவர் போதிய அளவு நம்பவில்லை. நல்ல நோக்கமுடைய ஆசிரியர் பலர் இவ்விடயத்தில் அவருடைய மாணாக்கர்களே.

அவ்வாறாயின் எந்த விடையும் சரிதானா? பிள்ளை எதைச் சொன்னாலும் தலையாட்டுவதுதான் சுதந்திரமா? அன்று. இங்கேதான் லாவணிக்காரரின் 'எங்கே காட்டு?' நமக்கு வழிகாட்டுகிறது. 'காக்காவுக்குப் பசி' என்பவனிடம், 'அதைக் கதையில் எங்கே கண்டாய்?' என்று கேட்கவேண்டும். 'வடையைத்தானே எடுத்தது, காசுப் பெட்டியை எடுக்கலியே' என்று அவன் சொன்னான். அது வாதம். வேறொரு பிள்ளை, நரி வடையைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று எழுதியிருந்தாள். எங்கே கண்டாய் என்றதற்கு, 'கதையில இல்ல சேர், குடுத்தா நல்லாயிருக்கும்' என்றாள். அது விருப்பம். விருப்பத்தைக் குற்றமாகக் கொள்ளலாகாது. 'அப்படியானால் அக்கதையை நீ எழுது' என்று சொல்லலாம். ஆனால் அது இக்கதையை விளங்கியதாகாது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். உலகம் எப்படி இருக்கிறது என்பதையும் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதவனே அதை மாற்றப் புறப்பட முடியும். அந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை கதையிலிருந்து முதன்முதலாகக் கற்கலாம்.

ஆகவே நான் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இவ்வாறு விடை கூறுவேன். 'எங்கே கண்டாய்?' என்று கேட்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. 'இதையே காண்' என்று கட்டளையிடும் உரிமை அவனுக்கு இல்லை. கதையின் சொற்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவற்றை எவரும் தம் மனம்போல் மாற்றலாகாது, ஆசிரியனும் மாற்றலாகாது. அச்சொற்களின்மேல் நின்று நியாயம் பேசும் உரிமை பிள்ளைக்கு உண்டு. வேறுபட்ட இரு விடைகள் ஒரே வகுப்பில் ஆதாரத்தோடு நேருக்கு நேர் நிற்கும்போதுதான் கிரகித்தல் தொடங்குகிறது.

இதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டாம். குஜராத்தில் கிஜுபாய் பதேகா (1885–1939) எழுதிய 'திவாஸ்வப்னம்' என்ற நூலில் வரும் ஆசிரியர், அடங்காத நான்காம் வகுப்பைப் பிரம்பின்றிக் கதையால் வசப்படுத்துகிறார். வினாக்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கதையை முதலில் வைக்கிறார். நாமும் செய்யலாம். வாரத்தில் ஒரு நாளேனும் கீழே வினாக்கள் இல்லாத கதை ஒன்றை வாசித்துக் காட்டலாம். ஐந்து வினாக்களையும் பிள்ளைகளே எழுதட்டும் என்று விடலாம். பாட்டிமாரிடம் கதை கேட்டு வந்து எழுதச் சொல்லலாம். தெளிவத்தை என்னும் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஜோசப் (1934–2022) போன்றோர் நம் மலைகளின் வாழ்வைச் சிறுகதையாக்கித் தந்துள்ளனர். அவை வளர்ந்தோருக்கானவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற கதைகளை அதே நேர்மையோடு எழுதும் கடமை, வகுப்பறையில் நிற்கும் நம் தலைமுறைக்கு உரியது.

அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை கூறி முடிக்கிறேன். அடுத்த தவணைப் பரீட்சையில் வேறொரு கதை வந்தது. அதன் கீழும் ஐந்தாவது வினா இருந்தது. அவள் மிகச் சரியான விடையை எழுதியிருந்தாள். எதிர்பார்க்கப்பட்ட சொற்களிலேயே எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து வழங்கினேன். வழங்கும்போது என் கை கூசியது. ஒரு தவணைக் காலத்துள் அவள் என்னிடம் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

பிறகொரு நாள் அவளை அழைத்து, பழைய கொப்பியைக் காட்டி, நான் கோடிட்டது பிழை என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னர், 'அப்ப பாட்டிக்கு யாரு சேர் காசு குடுத்தா?' என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.